அரசுத் தரப்பு ஐந்தாவது சாட்சி

மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம், கடையும் நலம். நீதான் போகக்கூடாத இடத்தில் இருக்கிறாய். போர்வையும் பல் பிரஷும் கொடுத்தேன். பிரஷைத் திருப்பித் தந்துவிட்டார்கள். ஏனென்று காவலருக்கே தெரியவில்லை.

உன்னைக் காவலில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவு போட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேராக ஸ்டேஷனுக்குப் போய் இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்: "எங்க பூட்டுக்கடையில யார் வந்து கதவைத் திறந்துவிடச் சொன்னாலும், 'திறந்ததும் முதல்ல கண்ணுல படுறது என்ன'ன்னு கேட்போம். சொன்ன பொருள் அங்க இருந்தாத்தான் ஆளை உள்ளே விடுவோம். கேட்காம ஒரு தடவைகூட திறந்ததில்லை. அந்த டீச்சர் வீட்டையும் என் தம்பி கேட்டுட்டுத்தான் திறந்திருப்பான். திருடன் வீட்டை நோட்டம் விட்டுட்டு வந்து அவனை ஏமாத்தியிருக்கான்."

அந்த வீட்டுப் பூட்டின் தேய்ந்த ஸ்பிரிங்கை மாற்றித் தருவதாகத் திறக்கச் சொன்ன ஆளிடம் சொல்லிவிட்டு வந்து, மறுநாள் காலை நீ அதே வீட்டுக்குப் போனதையும் சொன்னேன். திருட்டில் பங்கு வாங்கியவன் போலீஸ் நிற்கிற வீட்டுக்கு ஸ்பிரிங்கும் கையுமாகப் போவானா? இன்ஸ்பெக்டர் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார். கவலைப்படாதே.

இப்படிக்கு,
உன் அக்கா

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

போர்வை வந்தது. பல்லுக்கு விரல் இருக்கிறது.

நீ சொன்னதெல்லாம் சரி, ஒன்றைத் தவிர. நான் கேட்கவில்லை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்த ஆளின் தோளில் ஒரு பெண் குழந்தை நனைந்துபோய்த் தூங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்று கேள்வி கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிடிபட்ட அன்றே இதைப் போலீஸிடம் சொல்லிவிட்டேன். நீ என்னை வந்து பார்க்காமலேயே ஸ்டேஷனுக்கு ஓடியிருக்கிறாய். உனக்கு எப்போதும் அவசரம்.

அன்புடன்,
தம்பி

மே 20

அன்புள்ள தம்பிக்கு,

குற்றப்பத்திரிகை வந்துவிட்டது. அதில் நான் அரசுத் தரப்பு ஐந்தாவது சாட்சி. வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, என்னைக் கேட்காம உங்களை யாரு ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னது? அவங்க கேஸே இப்ப உங்க பேச்சுலதான் நிக்குது" என்றார். எப்போதும் கேட்கிற கடை அன்றைக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை, ஆள் தெரிந்தவன் என்பதால்தானே என்கிறார்களாம். பிடிபட்ட அந்தத் திருட்டுப் புண்ணியவான் வேறு, பூட்டுக்காரனுக்கும் பங்கு உண்டு என்று உளறி வைத்திருக்கிறான். உன்னைக் காப்பாற்றப் போய் நானே உன்னை மாட்டிவிட்டேன்.

டீச்சரிடம் பேசிப் புகாரை வாபஸ் வாங்கச் சொல்லலாமா என்று கேட்டேன். "இது இனிமே டீச்சர் கேஸ் இல்லம்மா, அரசாங்கத்தோட கேஸ். அவங்களும் உங்களை மாதிரி ஒரு சாட்சிதான்" என்றார்.

ஜாமீன் கிடைத்துவிடும். வாய்தாவுக்கு வருவதைத் தவிர நீ ஊருக்குள் வரக்கூடாது. சாட்சிகளிடம் வழக்கைப் பற்றிப் பேசக்கூடாது. திங்கள்தோறும் தங்குகிற ஊர் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடவேண்டும். சித்தப்பா வீட்டில் தங்கிக்கொள். அவர் குறட்டையைப் பொறுத்துக்கொள், ஜெயிலைவிட மோசமில்லை.

இப்படிக்கு,
உன் அக்கா

செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

குறட்டை ஜெயிலைவிட மோசம்தான்.

கோர்ட்டில் என்னை 'இரண்டாவது எதிரி' என்றுதான் கூப்பிடுகிறார்கள், திருடன் முதல் எதிரி. நீதிபதி குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். இந்த ஒரு சொல்லுக்கு எத்தனை வாய்தா. ஒரு நாள் அரசு வக்கீல் வரவில்லை. ஒரு நாள் திருடனை அழைத்துவர வண்டி இல்லை. நீயும் வராந்தாவின் அந்தக் கோடியில் நின்று முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாய்.

அடுத்தது சாட்சி விசாரணை. உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கேள்வி கேட்கிற வழக்கம் உண்டு, ஆனால் அவசரம் என்றால் சில சமயம் விட்டுவிடுவோம் என்று சொல். அவ்வளவுதான். தண்டனை என்றால் மூன்று வருடமாவது ஆகுமாம். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. வக்கீலுக்குத் தெரிந்தால் தொலைத்துவிடுவார், இதைக் கிழித்துப் போடு.

அன்புடன்,
தம்பி

செப்டம்பர் 15

அன்புள்ள தம்பிக்கு,

கிழித்துவிட்டேன்.

இரண்டு நாள் யோசித்தேன். ஸ்டேஷனில் சொன்னதைக் கூண்டில் மாற்றினால் என்னைப் பிறழ் சாட்சி என்பார்கள். அது போகட்டும். அதற்குப் பிறகு நீ ஸ்பிரிங்கோடு போனதை நான் சொன்னால் மட்டும் யார் நம்புவார்கள்? இன்னொன்றும் உண்டு, அதை மறைக்கவில்லை. அந்தக் கேள்வியை நம்பித்தான் நாலு தெரு ஜனங்கள் நம்மைக் கூப்பிடுகிறார்கள். அது சும்மா பேச்சுக்கு என்று என் வாயாலேயே சொல்ல முடியாது.

கோபப்படு. சாப்பிடாமல் மட்டும் இருக்காதே.

இப்படிக்கு,
உன் அக்கா

நவம்பர் 20

அக்காவுக்கு,

வழக்கம் உண்டா என்றார் அரசு வக்கீல், உண்டு என்றாய். கேட்காமல் திறந்ததுண்டா என்றார், இல்லை என்றாய். அதுவரை சரி. "அந்த ஆள் குழந்தையோட உங்ககிட்ட வந்திருந்தா நீங்க கேட்டிருப்பீங்களா?" என்று அவர் கேட்டபோது ஒரு மூச்சு யோசித்திருக்கலாம். "கேட்டிருப்பேன்" என்று பட்டென்று சொன்னாய். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்புறம் நம் வக்கீல் எழுந்து ஸ்பிரிங் விஷயத்தைக் கேட்டார், நீயும் விவரமாகச் சொன்னாய். என் காதில் எதுவும் ஏறவில்லை. தீர்ப்பு எப்படி வந்தாலும் இனி கடைக்கு வரமாட்டேன்.

இப்படிக்கு,
வழக்கின் இரண்டாவது எதிரி

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

விடுதலை என்று நீதிபதி சொன்னதும் நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவதற்குள் நீ பக்கத்து வாசல் வழியாகப் போய்விட்டாய். அதனால் இங்கே எழுதுகிறேன்.

சொந்தத் தம்பிக்காக ஒரு சொல்லைக்கூட வளைக்காத சாட்சி, ஆகவே மறுநாள் போனதைப் பற்றி அவர் சொன்னதையும் நம்புகிறேன் என்று தீர்ப்பில் இருக்கிறது. கேட்காதது கவனக்குறைவு, களவுக்கு உடந்தை அல்ல என்றும் இருக்கிறது. பார்த்தாயா, நான் சொன்னேனே என்று மார்தட்ட இதை எழுதவில்லை.

கேட்டிருப்பேன் என்றது உண்மை. பதில் தப்பாக இருந்திருந்தால் அந்தக் குழந்தையை மழையிலேயே விட்டுவிட்டுத் திரும்பியிருப்பேன் என்பதும் உண்மை. நீ அப்படிச் செய்திருக்கமாட்டாய். என்னைவிட நீ நல்லவன். அதை எந்த வக்கீலும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் பட்டென்று சொல்லியிருப்பேன். உன்னைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்றுதான் திரும்பவில்லை.

வீட்டுக்கு வா.

உன் அக்கா

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்ததும் பதில் எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. இங்கே சித்தப்பா ஊரிலேயே ஒரு பூட்டுக்கடையில் சேர்ந்துவிட்டேன். முதலாளி நல்லவர், கேள்வியெல்லாம் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

நேற்று ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து கூப்பிட்டாள். சாவி உள்ளே மாட்டிக்கொண்டதாம். குழந்தை பசியில் கத்திக்கொண்டிருந்தது. திறந்ததும் முதலில் கண்ணில் படுவது என்ன என்று கேட்டேன். என்னைத் திருடி என்று நினைக்கிறாயா என்று அழுதுவிட்டாள். பிறகு, நீல நிறத் தொட்டில் என்றாள். திறந்தேன். தொட்டில் இருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டாள். இனி எல்லோரிடமும் கேட்பேன். கேட்கும்போதெல்லாம் எனக்கு உன் மேல் கோபம் வரும்.

சனிக்கிழமை வருகிறேன். வேலைக்கு இல்லை, சாப்பிட.

அன்புடன்,
தம்பி