விலை வைத்த தண்ணீர்

அன்புக் குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. உடம்பளவில் நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டே எழுதுகிறேன். அப்பாவின் முழங்கால் வலி தேவலை, வாய்தான் குறையவில்லை. போனில் ஏன் சுரத்தில்லாமல் பேசுகிறாய் என்று கேட்டாயே, விஷயம் இதுதான். மழை பொய்த்துப் போய் நம் குடியிருப்பில் கிணறு வற்றி, லாரித் தண்ணீர்தான் என்றாகிவிட்டது. சங்கச் செயலாளர் நான் என்பதால் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். காலமெல்லாம் பொருளாதாரப் பாடம் நடத்தியவள் இல்லையா, விலை ஏறினால் உபயோகம் தானாகக் குறையும், வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்து லிட்டர் கணக்கில் வசூலிப்போம் என்று வகுப்பெடுப்பது போலவே கூட்டத்தில் நின்று சொன்னேன். கீழ்வீட்டுத் தையல்காரம்மா மட்டும் எழுந்து, "டீச்சர், எங்க மாமியார் படுத்த படுக்கையா இருக்காங்க, தினமும் துணி அலசணுமே" என்றாள். எல்லோருக்கும் ஒரே விலை, அதுதான் நியாயம் என்று அவளை உட்கார வைத்துவிட்டேன்.

அடுத்த மாதமே தண்ணீர்ச் செலவு இறங்கியது, எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அப்பாதான் மீட்டர்களைப் பார்த்துவிட்டு வந்து, "குறைஞ்சது பூரா கீழ்வீடுகள்லதான். மாடியில பல் டாக்டர் இன்னும் ரெண்டு காரையும் கழுவிட்டுத்தான் இருக்கார்" என்றார். சுருக்கென்றது. டாக்டரிடம் போய்க் கேட்டால், "காசு கொடுத்துத்தானே டீச்சர் கழுவறேன்?" என்று சிரிக்கிறார். நான் சொல்லிக்கொடுத்த பதில்தானே அது. அதற்குள் தையல்காரம்மா அழுக்குத் துணியை மூட்டை கட்டித் தங்கை வீட்டுக்குச் சுமந்துபோய்த் துவைத்திருக்கிறாள், அங்கேயும் முகம் சுளிக்கவும் இங்கே வீட்டையே காலி செய்துவிட்டாள். அப்புறம்தான் எனக்கு ஞானம் வந்தது. திரும்பக் கூட்டம் போட்டு, ஆளுக்கு இவ்வளவு என்று தேவையான தண்ணீர் எல்லோருக்கும் இலவசம், படுக்கையில் கிடப்பவர்களுக்குக் கூடுதல், அதற்கு மேல் போனால்தான் விலை என்று மாற்றினோம். டாக்டர்கூட முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

திரும்பி வந்துவிடு என்று கூப்பிட அவள் புது வீட்டைத் தேடிப்போனேன். ஒற்றை அறை, தையல் மெஷினுக்கும் மாமியார் கட்டிலுக்கும் நடுவே நிற்கத்தான் இடம். முன்பணம் கட்டியாயிற்று, இனி வர முடியாது என்றாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால், "விடுங்க டீச்சர், நீங்க படிச்சதத்தானே சொன்னீங்க" என்று ஒரு தம்ளர் தண்ணீரைக் கையில் கொடுத்தாள். அதைக் குடிக்கவும் முடியவில்லை, மீதி வைக்கவும் மனம் வரவில்லை.

அங்கிருந்து வரும் வழியெல்லாம் உன் நினைவுதான். உன் அலுவலகத்தில் யார் யாரை வேலையை விட்டு அனுப்புவது என்று உன்னையே முடிவு செய்யச் சொல்கிறார்கள், என்னம்மா செய்யட்டும் என்று கேட்டாய். எண்கள் சொல்கிறபடி செய் என்று பட்டென்று சொல்லிவிட்டேன். அந்தப் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் கண்ணு. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசு, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேள். அப்படியும் முடியவில்லை என்றால் என்னால் முடியாது என்று சொல்லிவிட்டு வா, உன் அறையைப் பெருக்கித்தான் வைத்திருக்கிறேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. முடிவெடுக்கும் முன் ஒரு தடவை போன் செய், இந்த முறை நான் முழுக்கக் கேட்கிறேன்.

உன்
அம்மா