கொஞ்சம் இருங்க, தேடிக்கினு இருக்கேன்

இன்று காலை விழுப்புரத்தில் ரயில் ஏறியதும் எதிர் சீட்டில் ஒருவர் நம் ஊர் மல்லாட்டை, அதாவது வேகவைத்த வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார். திண்டிவனம் வரை அந்த வாசனைதான். நீ இருந்திருந்தால், முன்பின் தெரியாதவர் என்றும் பார்க்காமல் கை நீட்டியிருப்பாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருப்பேன்.

உன்னிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டும். நாம் சேர்ந்து வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நீ எழுதிய புரோகிராம் இன்னும் ஓடுகிறது. போன மாதம் அதற்கு ஒரு கண்டம் வந்தது.

வந்த வினை என்னால்தான். ரிப்போர்ட்டுகள் எல்லாம் கம்ப்யூட்டரில் ஒரே டேபிளில், அதாவது ஒரே தகவல் அட்டவணையில், குவிந்து கனத்துவிட்டதால், அதை வருடவாரியாகப் பிரித்தேன். டேபிளின் பெயர் மாறவில்லை, புரோகிராமுக்கு விஷயமே தெரியாது என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் அது தேடுவது நோயாளியின் கார்டு நம்பரை வைத்து; தேதியை வைத்தல்ல. எந்த வருடம் என்று தெரியாமல் ஒவ்வொரு பகுதியாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தது. கவுன்டரில் கூட்டம் சேர்ந்துவிட்டது. தேடும்போது திரையில் வருமே, நீ அடம்பிடித்து நம் ஊர்ப் பேச்சிலேயே எழுதிய வரி, "கொஞ்சம் இருங்க, தேடிக்கினு இருக்கேன்" என்று, அது நகரவே இல்லை.

"இன்னாம்மா, ஒரே பேஜாரா கீது? அந்தப் பொண்ணு தேடிக்கினே கீது" என்றார் கவுன்டர் செல்வி அக்கா, திரையில் உன் வரியைக் காட்டி.

"பழசைத் தூக்கிட்டு வேற வாங்கிடலாம்ங்க" என்றார் முதலாளி. எனக்குச் சுரீரென்றது. நீ இறந்த பிறகு உன் குரல் மிச்சமிருப்பது அந்த வரியில்தான்.

தேதியையும் கேட்டு வாங்கும்படி புரோகிராமை மாற்றலாமா என்று யோசித்தேன். முன்பொரு நாள் இதே ரயிலில் நீ என்னோடு போட்ட சண்டை நினைவுக்கு வந்தது.

"உடம்பு முடியாம வர்றவங்ககிட்ட தேதி கேப்பியாடி? கார்டு கையில கீது. அது போதும்."

சரி தாயே என்று, கார்டு நம்பர்படி டேபிளை மறுபடி பிரித்தேன். ஒருவருடைய ரிப்போர்ட் எல்லாம் இப்போது ஒரே பகுதியில். மாலையில் எடுக்கும் அன்றைய ரிப்போர்ட்டுகளின் பட்டியல் மட்டும், எல்லாப் பகுதியையும் திறக்க வேண்டியிருப்பதால், சற்றுத் தாமதமாக வருகிறது, யாரும் முணுமுணுக்கவில்லை. உன் புரோகிராமில் ஓர் எழுத்தைக்கூட நான் தொடவில்லை. வேறு வாங்கும் பேச்சை முதலாளியும் விட்டுவிட்டார்.

இன்று விக்கிரவாண்டியிலிருந்து வந்த ஒரு கர்ப்பிணிப் பெண் கசங்கிய கார்டை நீட்டினாள். முதல் பிரசவத்தின்போது எடுத்த ரிப்போர்ட் உடனே வந்தது.

"அதுக்குள்ளயா வந்துடுச்சு?" என்று சிரித்தாள்.

உன் வரி இப்போது மின்னி மறைந்துவிடுகிறது. யாருக்கும் அதைப் படிக்க நேரமில்லை. எனக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்கிறது.