மேலுரம் போடும் நாள்

மதினி,

காலையில் பயிருக்கு மேலுரம் போட யூரியா மூட்டையைப் பிரித்தேன். மூக்கைச் சுண்டும் அந்த நெடி வந்ததும் உங்கள் ஞாபகம்தான். கையில் அள்ளிக்கொண்டு நிமிர்ந்தால், வரப்புக்கு அந்தப் பக்கம் உங்கள் வயல். பயிர் வெளுத்து மஞ்சளாக நிற்கிறது. அதற்குப் பிறகு எனக்கு வேலையே ஓடவில்லை.

நீங்கள் இருந்தபோது பல வருஷம் மஞ்சளாக நின்றது என் வயல். இரண்டுக்கும் ஒரே மடை, ஒரே பிளவக்கல் அணைத் தண்ணீர், ஒரே நாற்றங்காலில் பறித்த நாற்று. ஆனாலும் அறுவடையில் உங்களுக்குக் கிடைப்பதில் பாதிதான் எனக்குத் தேறும். ஊரில் அதைக் கைராசி என்றார்கள். நடவுக்கு வந்த பெண்கள் ஒருநாள் அப்படிச் சொன்னபோது சேற்றில் நின்றபடியே கத்தினீர்கள்.

"கைராசியாவது ஒண்ணாவது! எனக்குச் சங்கத்துல பயிர்க்கடன் நடவுக்கு முன்னாடியே வந்துருது. போட வேண்டிய அன்னைக்கே உரம் போடுதேன். இவளுக்குக் கடைக்காரரு என்னைக்கு மனசு வைக்காரோ, அன்னைக்குத்தான் உரம்."

உண்மைதான். ராஜபாளையத்து உரக்கடையில் கடன் சொல்லித்தான் வாங்குவேன். பழைய பாக்கியைக் காட்டி அவர் இழுத்தடிப்பார். மூட்டை வந்து சேர்வதற்குள் பயிர் தூர் கட்டும் பருவம் தாண்டியிருக்கும். விளைந்த நெல்லையும் அவர் சொன்ன விலைக்கு அவரிடமே போட வேண்டும். என் வீட்டுக்காரர் இறந்த பிறகும் நிலம் மாமனார் பேரிலேயே கிடந்தது. என் பேரில் பட்டா இல்லாமல் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கிடையாது. தளவாய்புரத்தில் இருந்த கொழுந்தனார் கையெழுத்துப் போட்டால் பாகம் பிரிக்கலாம். அவரோ "பொறவு பாப்போம்" என்றே வருஷங்களை ஓட்டினார்.

ஒருநாள் என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினீர்கள். நைட்டி தைக்கும் அவருடைய பட்டறையில், மெஷின்களுக்கு நடுவே துணிக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டீர்கள்.

"தம்பி, உங்க பங்கு எங்கயும் ஓடிராது. இவ பங்கை இவ பேருக்கு விடுங்க. அதுவரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

"வேலை நடக்குற இடம், போயிட்டு வாங்கக்கா."

"நடக்கட்டும். நானும் இவளும் செத்த நேரம் வேடிக்கை பாக்கோம்."

தைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டார்கள். நான் வெட்கத்தில் கூசிப்போனேன். சாப்பாட்டுக்கு மெஷின்கள் நின்றபோது அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் பத்திர ஆபீசுக்குப் போனோம்.

சங்கத்துப் பணம் வந்த முதல் போகம் என் வயல் கரும்பச்சையாக நின்றது. வரப்பில் நின்று ரொம்ப நேரம் பார்த்தீர்கள். "எங்கருந்துட்டி வந்துச்சு இம்புட்டுக் கைராசி? பஸ் ஏறி வந்துச்சோ?" என்றீர்கள்.

போன சித்திரையில் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். பட்டாளத்தில் இருக்கும் உங்கள் மகன் வயலைச் சேவியருக்கு வாய்ப்பேச்சாகக் குத்தகைக்கு விட்டுப் போயிருக்கிறான். எழுத்து எதுவும் இல்லாததால் சேவியருக்குச் சங்கத்தில் கடன் இல்லை. அவனும் ராஜபாளையத்துக்குத்தான் நடக்கிறான். கேட்டால், "இன்னும் மூட்டை தரலைக்கா, நாளைக்கு வரச் சொல்லியிருக்காரு" என்கிறான். நேற்றும் அதையேதான் சொன்னான்.

பொறுக்காமல், குத்தகையை எழுதிக் கொடுக்கச் சொல்லி உங்கள் மகனுக்குப் போன் போட்டேன். "எழுதிக் குடுத்துட்டு, நாளைக்கு நிலம் எனக்குன்னு அவரு நின்னா என்னத்தை செய்ய, அத்தை?" என்றான்.

"நிலம் அங்கனயேதான்யா கிடக்கும். விளைச்சல்தான் போகுது. விளையலைன்னா உனக்குக் குத்தகை எங்கருந்து வரும்?"

"சரி, பொங்கல் லீவுல வாரேன், கையெழுத்துப் போட்டுக் குடுக்கேன்" என்றான்.

எனக்கு நிம்மதி வரவில்லை, மதினி. பொங்கலுக்குள் கதிர் வெளியே வந்துவிடும். அதற்கப்புறம் உரம் போட்டு என்ன, போடாமல் என்ன? அடுத்த போகம் தப்பிக்கும். இந்தப் போகம் சேவியருக்குப் போனது போனதுதான். அவன் பெண்டாட்டி அந்த வெளுத்த பயிருக்குள் களை எடுத்துக்கொண்டிருக்கிறாள். பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது இந்த இருப்புக்கொள்ளாமைதான் போல. திங்கட்கிழமை சேவியரைக் கூட்டிக்கொண்டு வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போகிறேன். குத்தகைச் சீட்டு எழுத என்னென்ன வேண்டும் என்று இப்போதே கேட்டு வைத்துவிட்டால், உங்கள் மகன் வந்து இறங்கிய அன்றைக்கே கையெழுத்தை வாங்கிவிடலாம்.