கீழே விழ விடாத கை

சுகர் லேண்ட்,
22 அக்டோபர் 2008

அன்பு மகள் தாமரைச்செல்விக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கப்பாவும் நலம். இந்த வரியை வழக்கத்துக்காக எழுதவில்லை, உண்மையிலேயே நலம்தானா என்று ஒரு முறை யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் இந்தப் பார்சலில் இருக்கின்றன, அதிரசம் கொஞ்சம் கெட்டியாகிவிட்டது, குட்டிக்குக் கொடுக்கும்போது பாலில் நனைத்துக் கொடு. வங்கிகளில் ஆட்களைக் குறைக்கிறார்கள் என்று தினமும் டிவியில் சொல்கிறார்கள், மாப்பிள்ளை செழியனின் காண்ட்ராக்ட் என்னவாகும் என்று கேட்க வாய்வரை வருகிறது, கேட்டால் உனக்குக் கவலை கூடும் என்று விட்டுவிடுகிறேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ வேகமாகப் பேச ஆரம்பித்தால் நான் வாயை மூடிக்கொள்வேன், அது என் சுபாவம். போன வாரம் அப்படித்தான் ஆயிற்று. இதில் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடலாம்.

புயலுக்குப் பிறகு இங்கே இரண்டு வாரம் கரண்ட் இல்லாமல் இருந்ததே, அப்போது நாகரத்தினம் அங்கிள் கடையில் திருடர்கள் புகுந்து அவரைத் தலையில் அடித்துவிட்டுப் போனார்கள் என்று உனக்குச் சொன்னேன். தையல் பிரித்துவிட்டார்கள், கடைக்கும் வருகிறார், ஆனால் வாசல் மணி அடித்தால் அவர் தோள் குலுங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு வந்த உங்கப்பா பெட்ரோல் போட யார் யாரோ வருகிற நம் கேஸ் ஸ்டேஷன் கடையில் ராத்திரி தனியாக நிற்க யோசித்தார். யோசித்தவர் சேனாபதி அண்ணனிடம் போய்விட்டார். உன் கல்யாணத்துக்குப் பட்டு வேட்டியும் கௌபாய் பூட்ஸுமாக வந்தாரே, அவரேதான். எண்ணெய்க் கம்பெனியில் ரிட்டயர் ஆனபின் லைசென்ஸுக்கான துப்பாக்கி வகுப்பு எடுக்கிறார். முறைப்படி வகுப்பு, பரீட்சை எல்லாம் முடித்து உங்கப்பா ஒரு பிஸ்டல் வாங்கினார். உன்னிடம் சொல்லாதது எங்கள் இருவரின் முடிவு. எனக்கு அதில் நம்பிக்கையும் இல்லை, மறுத்துச் சொல்ல ஆதாரமும் இல்லை. அதனால் நானும் கூடவே போய்க் கற்றுக்கொண்டேன். தெரியாத ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு தூங்க என்னால் முடியாது.

சுடுவதைவிட, குண்டு தீர்ந்தபின் மறுபடி நிரப்புவதுதான் பழக வேண்டிய விஷயம் என்று சேனாபதி அண்ணன் சொன்னார். குண்டுகளை அடுக்கி வைக்கும் சின்ன உலோகப் பெட்டிக்கு மேகசின் என்று பெயர், அது கைப்பிடிக்குள் கீழேயிருந்து செருகிக்கொள்ளும். அதற்கு அவர் இரண்டு விதமான முறைகளைக் காட்டினார். ஒன்று, எல்லாக் குண்டும் தீரும்வரை சுடுவது. தீர்ந்ததும் பிஸ்டலின் மேல்பகுதி பின்னால் போய்த் திறந்தபடி நின்றுவிடும், பார்த்தாலே காலி என்று தெரியும், கட்டை விரலால் ஒரு பொத்தானை அழுத்தினால் காலி மேகசின் தரையில் விழும், அதை மறந்துவிட்டு அடுத்ததைச் செருக வேண்டும். இன்னொன்று, தீருவதற்கு முன்பே இடைவெளி பார்த்து, பாதி மீதமிருக்கும் மேகசினைக் கையில் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, முழுசாக இருப்பதைச் செருகுவது. முதலாவதைத்தான் பழக வேண்டும், பயத்தில் கை நடுங்கும்போது வேலை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, இரண்டாவது ரொம்ப நாள் பழகினவர்களுக்கு என்றார். கடையில் நிற்கிற ஒருவருக்கு மறுபடி குண்டு நிரப்ப அவகாசம் கிடைத்ததாக எங்காவது கணக்கு உண்டா என்று நான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அம்மிணி, ரீலோடு பண்ற நெலம வந்துச்சுன்னா அன்னிக்கு நம்ம நாளே சரியில்லைன்னு அர்த்தம். அந்த நாளுக்குத்தான் இந்தப் பழக்கம்" என்றார். நேர்மையான பதில் என்று எனக்குத் தோன்றியது.

உங்கப்பாவால் மேகசினைக் கீழே விழ விட முடியவில்லை. பொத்தானை அழுத்துவார், விழுவதற்குள் இடது கை பாய்ந்து போய்ப் பிடித்துக்கொள்ளும். கையைக் கட்டிக்கொள்ளாத குறையாக ஒரு தடவை விட்டார், அது அவர் காலில் பட்டது, குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பக்கத்து வரிசையில் சுட்டுக்கொண்டிருந்த அமெரிக்கர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "மாப்ள, திருடன் நிப்பான், நீங்க கும்பிட்டு முடிக்கிற வரைக்கும்" என்று சேனாபதி அண்ணன் கேலி செய்தார். நான் சிரித்தேன், ஆனால் என் கையும் முதலில் அதைத்தான் செய்தது. புத்தகமோ தட்டோ காலில் பட்டால் தொட்டு ஒற்றிக்கொள்ளச் சொல்லி வளர்த்த கை, உன்னையும் அப்படித்தான் வளர்த்தேன். எனக்குச் சீக்கிரம் பழகிவிட்டது. உங்கப்பா, "பொருளைக் கீழ போடறது ஆகாதுங்க, எனக்கு அந்தப் பாக்கெட் முறையே போதும்" என்று இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். சேனாபதி அண்ணனுக்கு மனசில்லை. பழகும்போதெல்லாம் தான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற கண்டிஷனோடு விட்டார்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. கடையின் பில் மெஷின், கார் சாவி, என் கால்குலேட்டர் எல்லாவற்றோடும் பிஸ்டலையும் ஒரு மேகசினையும் வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டு, பூ வைத்து, வழக்கம்போல் போட்டோ எடுத்து உனக்கு ஈமெயில் அனுப்பியது உங்கப்பாவேதான். மறைக்கிறோம் என்பதையே மறந்துவிட்டார். நீ போன் செய்து, "அம்மா, ஆர் யூ சீரியஸ்? சாமி முன்னாடி கன்னா? அது அந்த வீட்டுல இருக்கற வரைக்கும் நான் குட்டிய கூட்டிட்டு வர மாட்டேன்மா, டிசம்பர் டிக்கெட்ட கேன்சல் பண்ணிடறேன்" என்றாய். நான் சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டிலேயே, ஹாலில் நின்று பழகிப் பார்ப்பதாக இருந்தார், சேனாபதி அண்ணனை ஒவ்வொரு தடவையும் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று. உன் குரல் காதிலேயே இருந்ததால் நான் வழக்கத்துக்கு மாறாகப் பிடிவாதம் பிடித்தேன். வீட்டில் அந்தத் துப்பாக்கிப் பெட்டியைத் திறக்கக் கூடாது, சுடப் பழகுகிற அந்த ரேஞ்சுக்கே போவோம், அண்ணனும் வரட்டும், நான் என் கண்ணால் பார்த்த பிறகு மகளுக்கு ஒரு பதில் சொல்கிறேன் என்றேன். "அவ திட்டினதுக்கு நீ என்னைய வெரட்டற" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தார்.

அங்கே எல்லாரும் காதில் அடைப்பான் போட்டிருப்பார்கள், கத்தினால்கூடக் கேட்காது. நான் அவருக்குப் பின்னால் நின்றேன். கொஞ்சம் சுட்டார், பாதியில் நிறுத்தினார், மீதமிருந்த மேகசினை எடுத்துப் பையில் போட்டார், பூஜையில் வைத்த முழு மேகசினைச் செருகினார். அது ஏறவில்லை. பக்கவாட்டில் இட்ட சந்தனம் காய்ந்து பொருக்காகியிருந்தது, பாதியில் சிக்கிக்கொண்டது. அழுத்திப் பார்த்துவிட்டு அவர் என்னிடம் சொல்வதற்காகத் திரும்பினார், சிரித்துக்கொண்டே. அடைப்பான் இருந்ததால் கேட்கவில்லை, வாயசைவில் சந்தனம் என்பது மட்டும் தெரிந்தது. கையில் இருந்ததும் அவரோடு சேர்ந்து என் பக்கம் திரும்பியது. மேகசின் ஏறாத துப்பாக்கி காலித் துப்பாக்கி என்று அவர் நினைத்துக்கொண்டார். சேனாபதி அண்ணன் அவர் மணிக்கட்டைப் பிடித்து மீண்டும் முன்பக்கம் தள்ளியதை நான் பார்த்தேன். சிக்கியிருந்ததை உருவிவிட்டு மேல்பகுதியைப் பின்னால் இழுத்தார். உள்ளே இருந்து ஒரு முழுக் குண்டு துள்ளி விழுந்து என் செருப்புக்குப் பக்கத்தில் உருண்டு நின்றது. பாதியில் நிறுத்தி மாற்றும்போது குழலுக்குள் ஒரு குண்டு தயாராக இருக்கும். முதல் நாளே அண்ணன் சொல்லிக்கொடுத்திருந்தார், பரீட்சையில் அந்தக் கேள்விக்கு உங்கப்பா சரியாகத்தான் பதில் எழுதியிருந்தார்.

வெளியே வந்து உங்கப்பா கார் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். சேனாபதி அண்ணன் ஜன்னலோரம் குனிந்து, பயப்பட வேண்டாம், தப்பு பிடிபட்டதே நல்லது, முதல் முறையையே பழகலாம், கீழே விழ விடப் பழகலாம் என்று பொறுமையாகச் சொன்னார். உங்கப்பா, "பழகலாமுங்க. ஆனா என்ற கைக்கு அம்பது வருசமா வேற பழக்கம் இருக்குதுங்க. அவசரத்துல எது முந்தும்னு எனக்கே தெரியலீங்க. நீங்களே அத வச்சுக்கோங்க" என்றார். எத்தனையோ வருஷமாக அவரோடு வாக்குவாதம் செய்திருக்கிறேன், அவர் இவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை. சேனாபதி அண்ணன் ஒத்துக்கொண்டார், கைமாற்றியதற்குக் காகிதமும் எழுதியாகிவிட்டது. பூஜை செய்த பொருள் என்று சந்தனத்தைப் பழைய டூத் பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்துதான் அனுப்பினார் உங்கப்பா, அதை நான் தடுக்கவில்லை.

கடையை இப்போது இருட்டினதும் மூடிவிடுகிறோம். வியாபாரம் குறையும், குறையட்டும். உள்ளேயிருந்து பட்டன் அழுத்தினால் மட்டும் திறக்கிற பூட்டு வாசலுக்குப் போட்டிருக்கிறோம், நாகரத்தினம் அங்கிளும் அதையே போட்டுக்கொண்டார். இதனால் எல்லாம் ஆபத்து போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன், எதையும் அப்படி நம்புகிறவள் இல்லை நான் என்று உனக்குத் தெரியும். துப்பாக்கி வைத்திருக்கிறவர்களை முட்டாள்கள் என்றும் சொல்ல மாட்டேன், அந்த மணிக்கட்டைப் பிடித்த கையும் துப்பாக்கி பழகின கைதான். அன்று ரேஞ்சில் அண்ணனுக்கு நான் நன்றி சொன்னபோது, "அம்மிணி, என்னைய கூப்பிட்டதுக்கு நாந்தான் நன்றி சொல்லோணும்" என்றார். அவரைக் கூப்பிட வைத்தது யார் என்று நான் அப்போது சொல்லவில்லை, வீட்டுக்கு வந்தபிறகுதான் எனக்கே உறைத்தது.

வந்ததும் நான் ஹாலில் கொஞ்ச நேரம் நின்றேன். வீட்டில் பழகியிருந்தால் உங்கப்பா டிவி பக்கம் பார்த்து நின்றிருப்பார். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் நான் அவருக்குப் பின்னால், சாப்பாட்டு மேஜையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருப்பேன். மேகசின் சிக்கியிருக்கும், சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பியிருப்பார். மணிக்கட்டைப் பிடிக்க அங்கே யாரும் இல்லை. நீ போனில் கத்தியதை மனசில் வைத்துக்கொண்டு வருந்துவதாக மாப்பிள்ளை சொன்னார். வருந்தாதே கண்ணு. நீ மரியாதையாக, மெதுவாகப் பேசியிருந்தால் நான் சரி என்று சொல்லிவிட்டு மேஜையில் போய் உட்கார்ந்திருப்பேன்.

டிசம்பருக்கு வா என்று வற்புறுத்த மாட்டேன், உன் வீட்டு நிலைமையையும் செழியன் வேலையையும் பார்த்து முடிவு செய். வருவதானால் குட்டிக்கு ஃப்ளூ ஊசி போட்டுவிட்டு வா, அதை மறக்காதே. நீங்கள் மூவரும் ஆயுளோடும் நிம்மதியோடும் இருக்க எங்கள் இருவரின் ஆசிகள். எழுதுவதைப் பார்த்துவிட்டு, "என்னைய விட்டுடாம எல்லாத்தையும் எழுது, நான் போன்ல சொன்னா முழுசாச் சொல்ல மாட்டேன்" என்று உங்கப்பாதான் சொன்னார். எழுதிவிட்டேன்.

உனக்கு நன்றியோடு,
அம்மா
புஷ்பவல்லி மயில்சாமி