பங்கில் படித்த சிவப்புப் பலகை

வெள்ளிக்கிழமை, இரவு.

அன்னூர் போகும் வழியில் மகன் பெட்ரோல் பங்கில் காரை நிறுத்தினான். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பின்சீட்டில் பேத்தி தூங்கினாள். எதிரே சிவப்புப் பலகை. வருடக்கணக்காகப் பார்த்த பலகைதான். இன்றுதான் எழுத்துக்கூட்டிப் படித்தேன்: இன்ஜினை அணைக்கவும்.

"அணைச்சுப்போடு கண்ணு. தீப்புடிச்சா என்ன பண்றது?"

"பேட்டரி வீக்குங்கப்பா. அணைச்சா தள்ளித்தான் கிளப்போணும்."

"நான் தள்றேன். பாப்பா உள்ள தூங்குதல்லோ!"

அணைத்தான். பெட்ரோல் போட்ட பிறகு கார் கிளம்பவில்லை. நானும் பங்கில் வேலை செய்யும் பெண்ணும் தள்ளியதும் கிளம்பியது.

"ஏனுங்க, அந்தப் பலகையைப் படிச்ச மொத ஆளு நீங்கதானுங்க" என்று சிரித்தாள்.

இந்த வயதில் எழுத்துப் படிக்கத் தொடங்கிய நான் வாசித்த முதல் பலகையும் அதுதான் என்று அவளிடம் சொல்லவில்லை.

பேத்தி விழிக்கவே இல்லை. இப்போது வீட்டில் படுத்திருக்கிறேன்; தள்ளியதில் முட்டி வலிக்கிறது. கண்ணை மூடினால் கார் சத்தமில்லாமல் உருள்கிறது. சிவப்புப் பலகையின் எழுத்துகள் மிதந்து வருகின்றன. ஒவ்வொன்றாக நிறுத்தி வாசிக்கிறேன்.