எங்கள் வாசலில் சேரும் கூரை ஓடுகள்

அனுப்புநர்:
திருமதி ஹிலரி தாக்வெல்,
‘முயல் மாடம்’ விடுமுறை இல்லம்,
லா கோம்ப் நுவார்,
சென்-பார்து கிராமம்.

பெறுநர்:
மேயர் அவர்கள்,
கிராம மன்றம், சென்-பார்து.

பொருள்: எங்கள் விடுமுறை இல்லத்தின் வாசலில் அனுமதியின்றிக் குவிக்கப்படும் பழைய கூரை ஓடுகளை அகற்றவும், குவிப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கவும் கோருதல்.

பார்வை: இதே பொருளில் நான் ஏற்கெனவே அளித்து, பதிலே வராத மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இங்கிலாந்தில் கெட்டரிங் நகரைச் சேர்ந்தவள். கணவர் டெஸ்மண்டுடன் இவ்வூரில் குடியேறி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. வரி பாக்கி வைத்ததில்லை. வேலியை வெட்டாமல் விட்டதில்லை. ஊர் விருந்துக்கு ஒவ்வோர் ஆண்டும் கஸ்டர்டும் கேக்கும் அடுக்கிய எங்கள் நாட்டு இனிப்பைப் பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் கொண்டுவருகிறேன். அதை ஒருவரும் தொடுவதில்லை என்பதையும் ஒவ்வோர் ஆண்டும் கவனித்து வருகிறேன். இருந்தும் நான் முகம் கோணியதில்லை என்பதைத் தாங்களே அறிவீர்கள்.

2. எங்கள் பிழைப்பு சனிக்கிழமையில் இருக்கிறது. காலையில் ஒரு குடும்பம் வெளியேறும். மாலை நான்கு மணிக்கு அடுத்த குடும்பம் காரில் வந்து இறங்கும். இடைப்பட்ட நேரத்தில் விரிப்புகளைத் துவைத்துக் காயவைத்து, குளியலறையைத் தேய்த்து, நீச்சல் குளத்தில் மிதக்கும் வண்டுகளை எடுத்து, ரொட்டியும் வெண்ணெயும் மேசையில் வைத்துவிட்டுச் சிரித்த முகத்துடன் வாசலில் நிற்க வேண்டும். தலையணையில் ஒரு முடி கிடந்தால் போதும், ஊருக்குத் திரும்பியதும் இணையத்தில் எழுதி மானத்தை வாங்கிவிடுவார்கள். அவர்கள் போடும் நட்சத்திரங்களை நம்பித்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. இதைத் தங்கள் ஊரார் ஒரு வேலையாகவே மதிப்பதில்லை.

3. இந்தப் பண்ணையைத் திரு. அனிசே லாப்ரூஸ் என்பவரிடமிருந்து வாங்கினோம். பழைய குதிரை லாயத்துக்கு மேலே உள்ள இரண்டு அறைகளில் அவர் தம் ஆயுள் முடியும்வரை குடியிருக்கலாம் என்பது விற்பனைப் பத்திரத்தில் உள்ள நிபந்தனை. அதனால்தான் விலை குறைந்து பண்ணை எங்கள் கைக்கு எட்டியது. அப்போதே அவர் எழுபதைத் தாண்டியவர். எந்நேரமும் இருமிக்கொண்டிருந்தார். வீட்டைக் காட்டிய தரகர் என் காதருகே வந்து, “இந்தக் குளிரைத் தாண்ட மாட்டாரு மதாம், கவலையே படாதீங்க” என்றார். அந்த இருமலை நம்பித்தான் நாங்கள் கையெழுத்திட்டோம். அது எங்களை நன்றாக ஏமாற்றிவிட்டது. ஒன்பது குளிர்காலம் இருமினார்.

4. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முயல் வளர்த்தார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குச் சனிக்கிழமை மதியம் ஒன்றை அடித்து, தோலை உரித்து, உள்பக்கம் வெளியே தெரிய என் துணிக்கொடியிலேயே தொங்கவிடுவார். அந்தப் பக்கம் வெள்ளை விரிப்பு, இந்தப் பக்கம் தோல். நான்கு மணிக்குக் காரை விட்டு இறங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டேன். “செவ்வாய்க்கிழமை அடிச்சு ஞாயித்துக்கிழமை தின்னவா? உங்க ஊர்ல அப்படியா மதாம்? பாவம்” என்று என்மீதே இரக்கப்பட்டார்.

5. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். பட்டன் விவகாரத்தைப் பொறுக்க முடியவில்லை. லீட்ஸ் நகரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அவர்களுடைய ஏழு வயதுப் பெண் கூண்டில் ஒரு சாம்பல் நிறக் குட்டி முயலைத் தேர்ந்தெடுத்து, அதற்கு ‘பட்டன்’ என்று பெயரும் வைத்தாள். புறப்படும்போது அவளுடைய தந்தை, “இதை எங்களுக்காக வைத்திருங்கள், அடுத்த கோடையில் வருகிறோம்” என்று சொல்லி அனிசேயின் கையில் ஒரு நோட்டை அழுத்தினார். இவ்வூரில் கூண்டைப் பார்த்து ஒரு முயலைக் காட்டி, எங்களுக்கு வைத்திரு என்று முன்பணம் கொடுத்தால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான் உண்டு என்பது லீட்ஸ் நகரத்தாருக்கு எப்படித் தெரியும்? அனிசே வாக்கைக் காப்பாற்றினார். ஆண்டு முழுவதும் அந்த ஒன்றுக்கு மட்டும் கேரட், காய்ந்த ரொட்டி, மலைச் சரிவில் பறித்த இளம் புல். அடுத்த கோடையில் அவர்கள் வந்து இறங்கிய அன்று மாலை, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு இரும்புச் சட்டியுடன் வந்து நின்றார். கடுகுக் குழம்பு, உலர்ந்த பிளம் பழம் எல்லாம் போட்டுச் சமைத்திருந்தார். எல்லோரும் சாப்பிட்டார்கள். அந்தப் பெண் இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். அதன் பிறகு, “பட்டன் எங்கே?” என்றாள். அனிசே சட்டியைக் காட்டினார். “நல்லா வளத்தேன் பாப்பா. எலும்புகூட எவ்வளவு மெல்லிசு பாத்தியா?”

6. அந்தக் குடும்பம் அன்றிரவே கிளம்பிவிட்டது. அவர்கள் இணையத்தில் எழுதியதை இங்கே எடுத்து எழுத எனக்கு மனமில்லை. ஒற்றை நட்சத்திரம். அந்தக் கோடை முழுவதும் முன்பதிவுகள் ஒவ்வொன்றாக ரத்தாயின. அனிசேயோ, “அந்தப் புள்ள ஏன் அழுதுச்சு? உப்பு கூடிப்போச்சா?” என்று ஒரு மாதம் கேட்டுக்கொண்டே இருந்தார். யார்தான் பொறுப்பார்கள்? தாங்கள் பொறுப்பீர்களா?

7. ஆகவே ஒரு நிர்வாக முடிவு எடுத்தேன். அதைப் பொய் என்று சிலர் ஊருக்குள் பேசுகிறார்கள். லாயத்தின் கூரை ஒழுகுகிறது, சரிசெய்யும்வரை கீழூரில் உள்ள முதியோர் இல்லத்தில் தங்கியிருங்கள் என்று அனிசேயிடம் சொன்னேன். “நான் பாக்கலையே மதாம்” என்றார். நீங்கள் தூங்கும்போது ஒழுகுகிறது என்றேன். சற்று யோசித்துவிட்டு, “அப்போ சரி. நீங்க கண்ணால பாத்தவங்க” என்று ஒரே ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டார். டெஸ்மண்ட் காரில் கொண்டுபோய் விட்டார். கை பிடித்து இழுத்தவர் யாருமில்லை. சட்டப்படி அவர் தாமாகவே சென்றார் என்பதைக் குறித்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

8. அன்று மாலையே முயல்களை வியாபாரி ஒருவர் எடுத்துச் சென்றார். இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை இடித்து, குமிழி எழுப்பும் வெந்நீர்த் தொட்டி ஒன்றைப் பதித்தோம். அந்த அறைக்கும் இல்லத்துக்கும் சேர்த்து ‘முயல் மாடம்’ என்று பெயரிட்டோம். வந்தவர்கள் எல்லோரும் மயங்கிப் போனார்கள். இன்று எங்களிடம் அதிகமாகப் பதிவாவது அந்த அறைதான். தங்கள் ஊருக்கு நான் கொண்டுவந்த பெயரை யாராவது ஒருநாள் ஒப்புக்கொள்வார்கள் என்று காத்திருக்கிறேன்.

9. ஓடுகள் அப்போதுதான் தொடங்கின. கீழூரிலிருந்து எங்கள் வாசல் வரை ஏற்றம். இள வயதுக்காரருக்கே மூச்சு வாங்கும். அனிசே ஒவ்வொரு சனிக்கிழமையும், ஆம், வேறு நாளே கிடைக்காதது போலச் சனிக்கிழமையில்தான், அந்த ஏற்றத்தில் நடந்து வந்தார். வழியில் இடிந்து கிடக்கும் களஞ்சியத்திலிருந்து ஓர் ஓட்டை எடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்து, எங்கள் வாசலில் வைப்பார். “வேலையாளுங்களுக்கு ஓடு பத்தாம போயிடும்ல மதாம். என்னால ஆனது” என்பார். பிறகு, “எப்போ முடியும்?” என்பார். அடுத்த வாரம் என்பேன். “அவசரமே இல்ல. மெதுவாச் செய்யட்டும், நல்லாச் செய்யட்டும்” என்று சொல்லி இருமிக்கொண்டே இறங்கிப் போவார். மாதக்கணக்கில் இது நடந்தது. முதியோர் இல்லத்துக்குத் தொலைபேசியில் பேசி, அவரை வெளியே விடாதீர்கள் என்றேன். அங்கே ஒரு பெண், “இது ஜெயில் இல்லீங்க” என்று வெடுக்கென்று பேசி வைத்துவிட்டாள். ஓடுகளைக் குப்பையில் கொட்டச் சொன்னால், டெஸ்மண்ட் அவற்றைச் சுவரோரமாக வரிசையாக அடுக்கி வைத்தார். எனக்கு வாய்த்த கணவர் அப்படி.

10. செப்டம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, விரிப்பு மாற்றும் அவசரத்தில் வாசற்கதவைத் தாழிட மறந்துவிட்டேன். ஈரத்துணியோடு மாடிக்கு ஏறினால் அனிசே அங்கே நிற்கிறார். கையில் அன்றைய ஓடு. அண்ணாந்து பார்த்துவிட்டு, “கூரை நல்லாத்தான் இருக்கு” என்றார். தொட்டியைப் பார்த்தார். அது இருக்கும் இடத்தில்தான் அவருடைய கட்டில் இருந்தது. “என் கட்டில் எங்க மதாம்?” என்றார். நான் பொய் சொல்லும் வழக்கமுள்ளவள் அல்ல. உடைத்து விறகாக்கி எரித்துவிட்டோம் என்றேன். கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டுத் தொட்டியின் விளிம்பில் கை வைத்தார். விருந்தினர் நான்கு மணிக்கு வருகிறார்கள், இப்போதுதான் துடைத்து வைத்தேன் என்று நினைவூட்டினேன். உடனே கையை எடுத்துக்கொண்டார். தம் கை பட்ட இடத்தைச் சட்டை நுனியால் துடைத்தும் விட்டார். கீழே போய் ஓட்டை அதன் வரிசையில் வைத்தார். எப்போது முடியும் என்று அன்று மட்டும் கேட்கவில்லை.

11. அடுத்த வாரமே அவர் காலமானார். நான் மலர் வளையம் அனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது. அது போகட்டும். பத்திரத்தின் நிபந்தனை அவரோடு முடிந்தது, அறைகள் சட்டப்படி முழுமையாக எங்களுடையவை, ஓடுகளுக்கும் இனி வேலையில்லை என்று சற்று நிம்மதியாக இருந்தேன். இதை எழுதுவதில் எனக்குக் கூச்சமொன்றும் இல்லை.

12. ஆனால் அவரை அடக்கம் செய்த மறுநாள், சனிக்கிழமை, வாசலில் புதிதாக ஓர் ஓடு இருந்தது. அடுத்த சனிக்கிழமை வழியெல்லாம் இருந்தன. ஒளிந்து மறைந்து வைப்பதில்லை, ஐயா. பட்டப்பகலில் வைக்கிறார்கள். ரொட்டி கொண்டுவருகிறவரின் மனைவி வண்டியை நிறுத்தி, ஓர் ஓட்டை இறக்கி வைத்துவிட்டு, “வேலையாளுங்களுக்குப் பத்தாம போயிடும்ல மதாம்” என்கிறார். தபால்காரப் பெண் என் தபாலை நீட்டிவிட்டு, “எப்போ முடியும்?” என்கிறாள். திட்டினால் பதிலுக்குத் திட்டலாம். ஒருவரும் திட்டுவதில்லை. புன்னகை செய்து, வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, ஓட்டை வைத்துவிட்டுப் போகிறார்கள். காய்கறிக் கடைக்குப் போனால் வரிசையில் நிற்பவர்கள் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி, “நீங்க முதல்ல வாங்குங்க மதாம், வீட்ல வேலை நடக்குதே” என்கிறார்கள். நான் காய்கறியை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

13. போன வாரம் வந்த விருந்தினர் காரை உள்ளே கொண்டுவர வழியின்றிச் சாலையிலேயே பெட்டிகளை இறக்கினார்கள். இந்த ஓடுகள் என்ன என்று கேட்டார்கள். கூரை வேலை நடக்கிறது என்றேன். மறுநாள் ரொட்டிக்காரரின் மனைவி அவர்களிடம் என்ன சொன்னாரோ, பணத்தைக்கூடத் திரும்பக் கேட்காமல் அன்று மதியமே புறப்பட்டுப் போனார்கள். வியாழக்கிழமை சமையலறை ஜன்னலில் நின்றபோது, களஞ்சியத்துப் பக்கமிருந்து ஒருவர் இரண்டு கைகளிலும் ஓர் ஓட்டை ஏந்திக்கொண்டு வருவதைப் பார்த்தேன். டெஸ்மண்ட். அதை வைத்துவிட்டு உள்ளே வந்து, கை கழுவி, தேநீர் வேண்டுமா என்று என்னைக் கேட்டார். முப்பத்தோராண்டு குடும்பம் நடத்திய மனிதர். எனக்கு அவர்மீது கோபம் வரவில்லை, ஐயா. பயம் வந்தது. இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

14. மேற்கண்ட சூழ்நிலையில் நான் வேண்டுவது பெரிதாக ஒன்றுமில்லை. வாசலில் உள்ள ஓடுகள் அனைத்தையும் கிராம மன்றச் செலவில் அகற்ற வேண்டும். இனி எவரும் ஓடு வைக்கக் கூடாது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். இது தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதால் தங்களுக்கே எழுதுகிறேன். இன்று காலை தாங்கள் தங்கள் வண்டியை எங்கள் வாசலில் நிறுத்தி இறங்கியபோது, என் மனுக்களுக்குத்தான் நேரில் பதில் சொல்ல வந்திருக்கிறீர்கள் என்று எண்ணிக் கூந்தலைச் சரிசெய்துகொண்டு வெளியே ஓடி வந்தேன். தாங்கள் தொப்பியைக் கழற்றி எனக்கு வணக்கம் சொன்னீர்கள். வண்டியின் பின்பக்கத்தைத் திறந்தீர்கள். மற்றவர்களாவது கையில் ஆளுக்கு ஒன்றுதான் கொண்டுவந்தார்கள்.

என் முறையீட்டைக் கேட்க இவ்வூரில் தங்களைத் தவிர வேறு அதிகாரி இல்லை. எனவே தாங்கள் இறக்கியவற்றையும் சேர்த்தே அகற்ற உத்தரவிடுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன். நாளை சனிக்கிழமை.

இடம்: லா கோம்ப் நுவார்
நாள்: அக்டோபர் 17, 2014

இங்ஙனம்,
(ஒப்பம்)
ஹிலரி தாக்வெல்