என்னைக் கேட்காமல்

ஜூன் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் பேசினால் உனக்குக் காது கேட்பதில்லை, அதனால் வழக்கம்போல எழுதுகிறேன். நான், இவர், வாண்டு மூவரும் சுகம். சுகம் என்று எழுதிப் பழகிவிட்டது, அவ்வளவுதான். என் அடிவயிற்று வலிக்குக் காரணம் தெரிந்துவிட்டது. சினைப்பையில் கட்டி. சாதாரணக் கட்டிதானாம். எட்டாம் தேதி ஆபரேஷன்.

அம்மா, பயமாக இருக்கிறது. கம்பெனியில் காலர் தைக்கும்போது கவனம் சிதறி, ஊசி நகத்தில் இறங்கிவிட்டது. மயக்க மருந்து கொடுத்தால் விழிக்காமலே போய்விடுவேனோ என்று ஒரு பயம், பாதியில் விழித்துக்கொள்வேனோ என்று ஒரு பயம். வாண்டைப் பெற்றபோது நான் பிழைத்ததே பெரும்பாடு என்று நீதானே சொல்வாய்? அன்றைக்கு இவர் லாரியோடு எங்கேயோ மாட்டிக்கொண்டார். கண் விழித்ததும் உன் முகத்தைத்தான் பார்த்தேன். இந்தத் தடவையும் பக்கத்தில் இரேன். சலவைக் கடையை நாலு நாள் மூடினால் ஊர் அழுக்காகிவிடாது.

ஒரு சின்ன நம்பிக்கையும் உண்டு. "இதுக்கப்புறமாவது இன்னொரு குழந்தை உண்டாகுமா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "உள்ளே பார்த்துட்டுச் சொல்றேன்மா" என்றார்.

உன் அன்பு மகள்

ஜூன் 6

என் கண்ணுக்கு,

கடிதம் பார்த்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆபரேஷன் வேண்டாம். மாத்திரையில் கரையாதா? வேறு டாக்டரைப் பார். ஒரு தடவை கிழித்த வயிற்றை மறுபடி கிழிக்க விடாதே. இருக்கிற ஒரு பிள்ளை போதாதா? உள்ளே பார்த்து அந்தம்மா புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறார்? நான் இப்போது வர முடியாது, விடுதிப் படுக்கை விரிப்புகள் மலையாகக் கிடக்கின்றன. இது கிடைத்ததும் வேண்டாம் என்று சொல்லிவிடு. என் மேல் ஆணை.

அம்மா

ஜூன் 12

அம்மாவுக்கு,

உன் கடிதம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காத்திருந்த அறையில் எல்லோருக்கும் ஒரே பச்சை அங்கி. கர்ப்பப்பையை எடுக்க வந்த பஸ் கண்டக்டர் அக்கா, "இறங்குற எடம் வந்தா எழுப்பிவிடுவாங்கல்ல?" என்று கேட்டு எங்களைச் சிரிக்க வைத்தார். சிரித்தவர் என் கையை மட்டும் விடவில்லை. அவர் உள்ளங்கை ஜில்லென்று இருந்தது. இருவரும் நல்லபடியாக வெளியே வந்தோம்.

மறுநாள் டாக்டரம்மா வந்தார். "கட்டியை எடுத்தாச்சு, பயமில்ல. ஆனா ஏம்மா, குடும்பக் கட்டுப்பாடு பண்ணிக்கிட்டு, இன்னொரு குழந்தை உண்டாகுமான்னு என்கிட்ட கேட்டியே?"

"நான் பண்ணிக்கலையே டாக்டர்."

அவர் கையிலிருந்த கேஸ் சீட்டை மறுபடி புரட்டினார். "ரெண்டு குழாயும் வெட்டிக் கட்டியிருக்கும்மா. பழசு. பிரசவத்தப்பவே பண்ணியிருக்கணும்."

முதலில் சிரித்தேன், ஆள் மாறிவிட்டது என்று. பிறகு கத்தினேனாம். தையல் பிரிந்துவிடும் என்று நர்ஸ் தோளை அழுத்திப் பிடித்திருக்கிறார். எனக்கு நினைவில்லை.

இவரைத்தான் சந்தேகப்பட்டேன். "நீங்கதானே?" என்று சட்டையைப் பிடித்தேன். முகம் வெளுத்துவிட்டது. "நான் வந்து சேர்ந்ததே மறுநாள்டி. அங்கே உங்கம்மா மட்டும்தான் இருந்தாங்க" என்றார். சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.

உன் கடிதத்தை அதற்குப் பிறகு பிரித்தேன். என் உயிருக்காக நீ பயப்படவில்லை. அந்தம்மா உள்ளே பார்த்துவிடுவார் என்று பயந்திருக்கிறாய். இல்லை என்று எழுதேன், அம்மா.

மகள்

ஜூன் 15

கண்ணே,

இல்லை என்று எழுத மாட்டேன். கர்ப்பப்பை கிழிந்து ரத்தத்தில் கிடந்தாய். டாக்டர் வெளியே வந்து, "இன்னொரு பிரசவத்தை இந்தப் பொண்ணு தாங்காது. குழாயைக் கட்டிடட்டுமா? சீக்கிரம் சொல்லுங்க" என்றார். உன்னை எழுப்பிக் கேட்கவா முடியும்? தலையாட்டினேன். இன்றைக்குக் கேட்டாலும் ஆட்டுவேன். எனக்கு நீ வேண்டும். பேரன் பேத்தியெல்லாம் உனக்குப் பிறகுதான்.

மாதக் கடைசியில் வருகிறேன். திட்டுவதென்றால் நேரில் திட்டு.

அம்மா

ஜூன் 18

அம்மாவுக்கு,

வராதே.

நீ தலையாட்டியதை யோசித்துப் பார்த்தேன். வாண்டு அப்படிக் கிடந்தால் நானும் ஆட்டியிருப்பேனோ என்னவோ.

ஆனால் நான் கண் விழித்தேனே. பிழைத்து, உன்னோடு பேசினேனே. அப்போது சொல்லியிருக்கலாமே. ஒவ்வொரு மாதமும் ஏமாந்துபோய் உனக்குத்தானே அழுது எழுதினேன்? "அடுத்த மாதம் பார்க்கலாம், மனதைத் தளரவிடாதே" என்று உன் கையாலேயே பதில் எழுதினாய். ஒரு தடவை, குறை மாப்பிள்ளையிடம் இருக்கும், டாக்டரிடம் அழைத்துப் போ என்றும் எழுதினாய். மனிதர் மறுபேச்சில்லாமல் வந்தார். தலையைக் குனிந்துகொண்டே பரிசோதனை அறைக்குள் போனார். அந்தக் கடிதத்தை எப்படி அம்மா எழுதினாய்?

தையல் பிரித்தாயிற்று. இவர் லாரிக்குப் போகாமல் கூடவே இருக்கிறார். கோபம் தீர்ந்தால் நானே வருவேன். தீராமலும் போகலாம்.

அதுவரை எழுதாதே. உன் கையெழுத்தைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

மகள்